இரண்டு முனைவர்களும் ஒரு மெய்ப்பாட்டுமானியும்

மனிதன் தன் மனத்தோடு பொய் பேசிவந்த யுகம் முடிந்தது. கலையும் ரசிகனும் இடையில் எவருமின்றி முகத்துக்கு முகம் நின்றார்கள். இந்த மகத்தான நிகழ்வு சென்னையிலிருந்து சியோல் செல்லும் விமானங்களில், இருக்கைகளின் தலைமாட்டில் நடந்தது. முதல் வாரமே, உலக சினிமா பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதிய ஒருவர், கொரிய நடிகர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சேற்றில் நூடுல்ஸ் கிண்ணம் தேடும் நிகழ்ச்சியைப் பார்த்து, மூக்கில் காப்பி ஏறும்வரை சிரித்தது பதிவாயிற்று.

கருவியின் பெயர் மெய்ப்பாட்டுமானி. தலை சாயும் மெத்தையில் இருந்த உணரிகள் நாடியை அளந்தன. முன்னாலிருந்த திரையில் பதித்த கேமரா வில்லை கண்மணி விரிவதையும் தொண்டை அடைப்பதையும் கவனித்தது. திரையில் ஓடுவதில் மனம் ஒட்டவில்லை என்றால், "வேறு ஏதேனும் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேட்கும். இரண்டு முறை கேட்கும். மூன்றாம் முறை கேட்காது. உங்கள் மனம் எதைத் தேடுகிறதோ அதைத் தானே போட்டுவிடும். ஒலியையும் கூட்டிவிடும்.

இந்த விதியை எழுதியவர் விண்வழி ரசனைக் காப்பு வாரியத்தின் முனைவர் பெருவழுதி. மக்கள் உள்ளூர உயர்ந்த கலைக்கே ஏங்குகிறார்கள், வெட்கத்தால்தான் குப்பையைப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய கொள்கை. ஆகவே இன்னொரு விதியும் சேர்த்தார்: பயணிகளின் உள்ளத்தை அதிகம் ஈர்த்த படைப்பை எல்லா விமானங்களிலும் நிரந்தரமாக வைக்க வேண்டும். அதன்படி எல்லா விமானங்களிலும் பணக்கார வாரிசுகளுக்கு ஞாபகம் போகும் கொரியத் தொடர்கள் நிரந்தரமாயின. பெருவழுதி கலங்கவில்லை. 'தொடர்களும் தமிழ் மூளையின் வீழ்ச்சியும்' என்று ஒரு நூல் எழுதி, வெளியீட்டு விழாவையும் நடத்திக்கொண்டார்.

இப்போது வாரியத்துக்குத் தலைவர் வேண்டும். போட்டியில் இருவர்: பெருவழுதி, துணைத்தலைவர் முனைவர் அங்கயற்கண்ணி. இருவரும் ஒரே விமானத்தில் சியோல் மாநாட்டுக்குப் போகிறார்கள். வழியிலேயே தேர்வு. 'பழம் விழும் வரை' என்ற நாலு மணி நேரக் கொரியக் கலைப்படத்தை இருவரும் பார்க்க வேண்டும். ஒரு முதியவர் சீமைப்பனிச்சைப் பழம் ஒன்று மரத்திலிருந்து விழக் காத்திருக்கிறார், கதை அவ்வளவுதான். யாருடைய திரை மாறாமல் இருக்கிறதோ அவரே தலைவர். சென்னையில் வாரிய உறுப்பினர்கள் பெரிய மேசையைச் சுற்றி அமர்ந்து இருவரின் அளவீடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமத்துவம் கருதி அவர்கள் நாற்காலிகளிலும் மானி உண்டு.

இடம் ஒதுக்கியவர் யாரோ குறும்புக்காரர். ஜன்னலோரம் பெருவழுதி, நடைவழியோரம் அங்கயற்கண்ணி, நடுவில் அம்பத்தூரில் கார் உதிரிபாகம் விற்கும் பெலிக்ஸ் அமர்ந்திருந்தார். அவருக்கு வாரியமும் தெரியாது, பழமும் தெரியாது. கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு, ஞாபகம் போன வாரிசு ஒருவனின் தொடரை அவர் ஆரம்பித்தார்.

படம் ஓடியது. முதியவர் பார்த்தார். பழம் விழவில்லை.

இரண்டு முனைவர்களின் அளவீடும் உச்சத்தில் நின்றது. காரணம் படமல்ல. மானி இன்பத்தை அளக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காது. பெருவழுதி பழத்தைப் பார்த்தபடி, தனக்குப் பொன்னாடை போர்த்தும் காட்சியை மனத்தில் ஓட்டினார். அங்கயற்கண்ணி அதே பழத்தைப் பார்த்தபடி, பெருவழுதிக்கு நடக்கும் பிரிவுபசார விழாவை ஓட்டினார். இருவருக்கும் மெய்சிலிர்த்தது. சென்னையில் உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"இவன்தான அன்னிக்கு அந்தப் பொண்ணோட அப்பா மேல கார் ஏத்துனவன்?" பெலிக்ஸ் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அங்கயற்கண்ணி பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாங்க. இவனேதான்" என்றார்.

பெருவழுதியின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. மானி கேட்டது: "ஐயா, வேறு ஏதேனும் பார்க்கலாமா?"

"வேண்டாம்!"

"என்ன டாக்டர், முடியலையா?"

"பழத்துல ஆழ்ந்திருக்கேன் மேடம். தொந்தரவு பண்ணாதீங்க."

"ஆழ்ந்தவங்களை அது கேக்காதே."

அவர் அவசரமாகப் பொன்னாடையை நினைத்தார். அது தோளில் நிற்காமல் நழுவியது. அங்கயற்கண்ணி பெலிக்ஸ் பக்கம் சாய்ந்தார். "இவனுக்கு ஞாபகம் போச்சுங்கறதெல்லாம் சும்மா. நடிக்கிறான்."

"ஐயா, வேறு ஏதேனும்..."

"நடிப்பா?" என்று பெருவழுதி வெடித்தார். திருத்தாமல் விட்ட தவறு அவர் ஆயுளில் ஒன்றுகூட இல்லை. "மூளையில ரத்தம் கட்டி ஆபரேஷன் பண்ணி, கண்ண முழிச்சு, அவ கையையே புடிச்சுக்கிட்டு 'நீங்க யாரு'ன்னு கேட்டான். அது நடிப்பா? கார் ஏத்தினது அவன் தம்பி. ரெட்டைப் பிறவி. காது மடலுக்குப் பின்னாடி மச்சம் இருக்கும், கண்ணு இருந்தா தெரியும்!"

"யோவ் சார்!" என்று பெலிக்ஸ் அலறினார். "ரெட்டைன்னு சொல்லிட்டியே! நான் இன்னும் ரெண்டாவது எபிசோட்லதான இருக்கேன்!"

பெருவழுதியின் திரையில் பழம் மறைந்தது. தொடரின் முகப்புப் பாட்டு ஒலித்தது, உரக்க.

அங்கயற்கண்ணி நிதானமாகத் திரும்பினார். "என்ன டாக்டர், மச்சமெல்லாம் சொல்றீங்க?"

"ஆய்வுக்காக ஒரு எபிசோட் பாத்தேன்."

"ஒரு எபிசோடா? மச்சத்தைக் கடைசி எபிசோட்லதான காட்டுவாங்க."

சொன்ன பிறகுதான் அங்கயற்கண்ணிக்கு உறைத்தது.

"ஓஹோ!" என்றார் பெருவழுதி. "கடைசி எபிசோட் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கயற்கண்ணியின் மானி முதல் கேள்வி கேட்டது. பதில் வருமுன் இரண்டாவதையும் கேட்டது. பிறகு அவர் திரையிலும் அதே பாட்டு.

இருவரும் இத்தோடு வாயை மூடியிருந்தால் வெறும் தோல்வியோடு போயிருக்கும். ஆனால் இத்தனை வருஷமாக இந்தத் தொடரைப் பற்றிப் பேச இருவருக்கும் ஓர் ஆள்கூடக் கிடைத்ததில்லை.

"அவ அந்த டாக்டரைக் கட்டியிருக்கணும்" என்றார் அங்கயற்கண்ணி. "மழையில குடை புடிச்சானே, அவனை."

"ஒரு மழைக்குக் குடை புடிச்சா கல்யாணமா?"

"உங்க வாரிசு என்ன கிழிச்சான்? பாக்குற எடத்துல எல்லாம் அவ மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான். அந்தக் கை என்ன ஆட்டோ ஸ்டார்ட் பண்ற லீவரா?"

"குடை புடிக்கிறவனுக்கு நீங்க பரிஞ்சு பேசாம வேற யார் பேசுவா? போன தலைவருக்குக் குடை புடிச்சுத்தான துணைத்தலைவர் ஆனீங்க!"

"நான் குடைதான் புடிச்சேன். அவர் பேத்திக்குக் கொரிய நடிகர் கையெழுத்து வாங்கிக் குடுக்க வரிசையில நின்னது யாரு?"

"கொஞ்சம் மூடிக்கிட்டு வரீங்களா ரெண்டு பேரும்?" என்றார் பெலிக்ஸ். "நான் அழணும்யா."

யாரும் கேட்கவில்லை. பெருவழுதிக்குக் குரல் தழுதழுத்தது. "பனியில அவன் தனியா நின்னான் மேடம். ராத்திரி பூரா. ஒருத்தர் வரல. அது உங்களுக்குப் புரியாது. ஒருத்தர்கூட வரல!" என்றவர், நூலில் தமிழ் மூளையின் வீழ்ச்சி என்று குறிப்பிட்டிருந்த அதே காரியத்தைச் செய்தார். பெலிக்ஸின் கைக்குட்டையைப் பிடுங்கி மூக்கைச் சிந்தினார்.

பெலிக்ஸ் வெறுத்துப்போய்த் தன் திரைக்குத் திரும்பினார். அதில் வாரிசு இல்லை. பெலிக்ஸ் இருந்தார். தலைக்கு மேல் பெரிய கேள்விக்குறி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

மானி தன் கடமையைச் செய்திருந்தது. முன்வரிசை, பின்வரிசை என்று ஒவ்வொரு பயணியின் மனமும் தொடரை விட்டுச் சண்டைப் பக்கம் போவதை அது அளந்தது. மனம் தேடுவதைக் காட்ட வேண்டும் என்பது விதி. இவர்களுக்கு எதிரேயிருந்த வில்லைகளையே ஒளிப்பதிவுக் கருவிகளாக்கி, விமானம் முழுவதும் நேரலை தந்தது. எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று பார்த்து, கொரியக் கேளிக்கை நிகழ்ச்சி என முடிவு செய்தது. அந்த இலக்கணப்படி காக்கை கத்தும் ஓசை சேர்த்தது. எழுத்துகளைக் குதிக்கவிட்டது. "ஒருத்தர்கூட வரல" என்ற இடத்தை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டியது. பின்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பணிப்பெண் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

சென்னை மேசைக்கும் போன அந்த நேரலையை உறுப்பினர்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவர்களுடைய நாற்காலிகள் இறுக்கமாக இருக்கவில்லை. இதுவரை எந்தப் படைப்பும் தொடாத அளவை அவை காட்டின. எல்லோரும் மற்றவர் அளவீட்டைப் பார்த்துவிட்டதால் மறுக்கவும் வழியில்லை.

சியோலில் இறங்கியதுமே செய்தி வந்தது. இருவர் திரையும் மாறிவிட்டபடியால் இருவருக்கும் பதவி இல்லை. பெருவழுதி எழுதிய இரண்டாம் விதிப்படி, 'நடு இருக்கை' என்று பெயரிடப்பட்ட நிகழ்ச்சி எல்லா விமானங்களிலும் நிரந்தரமாக வைக்கப்படுகிறது. ஆட்சேபனை இருந்தால் வாரியத் தலைவரிடம் தெரிவிக்கலாம். தலைவர் இல்லை.

திரும்பும் விமானத்தில் பெருவழுதி தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். ஏறும்போதே ஒருவர் வழிமறித்தார். "சார், அந்தப் பனி டயலாக்கை ஒருதரம் சொல்லுங்களேன். என் வொய்ஃப் வீடியோ எடுக்கணுமாம்."

"வழிய விடுய்யா."

"அதே கோவம்!" என்று மகிழ்ந்தார் அந்த ஆள்.

பெருவழுதி அமர்ந்தார். கலைப்படத்தைத் தேர்ந்தெடுத்தார். மானி ஒருமுறை கேட்டது. மறுமுறை கேட்டது. பிறகு 'நடு இருக்கை' ஓடத் தொடங்கியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒலியைக் குறைத்தார்.

பெருவழுதி அங்கயற்கண்ணியின் பேச்சு வரும் இடங்களை வேகமாக ஓட்டினார். தன் முகம் வந்த இடங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.