எறும்பு சொன்ன சாட்சி

தலைவர் கையை உயர்த்தினார். கோஷம் போடப் போகிறார் என்று எல்லோரும் வாயைத் திறந்து தயாராக இருந்தார்கள்.

கோஷம் வரவில்லை. நுரை வந்தது.

அப்படியே சரிந்தார். மேடைப் பலகை 'தொம்' என்றது.

அவருக்குப் பின்னால் பெரிய பேனர். 'சாகும்வரை உண்ணாவிரதம்.'

அந்த பேனரை அந்த நிமிடம் வரை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. தலைவரைத் தூக்கிப் போட்டார்கள். கூட்டம் 'வாழ்க' போட்டது. பசி மயக்கம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதுகிறவனுக்கு என்ன, பேனா தலைவருடைய வயிற்றிலா இருக்கிறது?

மாநில மாணவர் உயர்கல்விப் பேரவை. மாவட்டத்துக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு பெயர்ப்பலகை, பலகைக்கு ஒரு கோஷ்டி. தலைவர் இன்னும் மாணவர்தானா என்று கேட்கக் கூடாது. ஒரே ஒரு பேப்பரை வருஷா வருஷம் பாக்கி வைத்து மாணவராகவே இருக்கிறார். தலைமுடி மட்டும் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

இந்தத் தடவை கோரிக்கை நியாயமானது. அரசு மாலைக் கல்லூரிகளை மூடப் போகிறார்களாம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்கிறவர்கள் நடுத்தெருவுக்கு வர வேண்டியதுதான். மூடாதே என்று தலைவர் படுத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

இன்று கல்வி அதிகாரி வருகிறார். ஒரு கையில் பழச்சாறு. இன்னொரு கையில் 'மூடவில்லை' என்ற உத்தரவு.

அவர் வருவதற்குள் தலைவர் நுரை தள்ளிவிட்டார்.

பந்தல் பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர்.

"சார், இது பசி மயக்கம் இல்ல. விஷம்."

இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார். அவர் யாரையும் நம்பாத பிறவி. மணி கேட்டால்கூட ஏட்டுவின் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

"சாப்பிடாத ஆளுக்கு எப்படி டாக்டர் விஷம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வாந்தியில பிஸ்கட் வந்திருக்கு."

"பிஸ்கட்டா?"

"க்ரீம் பிஸ்கட். எதோட சேர்ந்து என்ன உள்ள போச்சுன்னு எனக்குத் தெரியணும் சார். ஒரு விஷத்துக்குக் குடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு எமன். கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போட முடியாது. சீக்கிரம் சொல்லுங்க, ஆள் தாங்க மாட்டார்."

மேடைக்குப் பின்னால் ஒரு துணித் தடுப்பு. அங்கே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, கொடிக் கம்புகள், மைக் செட் பெட்டி. ஓரமாக அரசாங்க நர்ஸ் ஒருத்தி எடை பார்க்கும் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் துணைத்தலைவரைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். துணைத்தலைவர் தலைவருக்கு மச்சான். பேரவையில் ஜனநாயகம் அந்த வீட்டைத் தாண்டி அதிகம் போனதில்லை.

"தம்பி, உங்க மாமா என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்ணும் சாப்பிடல சார். தண்ணி மட்டும்."

"வாந்தியில பிஸ்கட் வந்திருக்கே."

"அது பழைய பிஸ்கட்டா இருக்கும் சார்."

"ஒரு வாரம் முன்னாடி தின்னதா?"

"மாமாவுக்கு ஜீரணம் கொஞ்சம் மெதுவா நடக்கும்."

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"தம்பி... டாக்டருக்குத் தெரியலன்னா உங்க அக்கா தாலியை நீதான் பாத்துக்கணும்."

துணைத்தலைவர் மேடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. அரசியல் பழகிய வாய்.

அடுத்து செயலாளர். ஒல்லியான பெண். பகலில் அச்சகத்தில் பைண்டிங் வேலை, மாலையில் சட்டப் படிப்பு. உண்மையில் பேரவையை நடத்துவது இவள்தான். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பஸ், எவனுக்கும் எவனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, போலீஸ் அனுமதி வாங்கியாயிற்றா, எல்லாம் இவள் தலையில். தலைவருக்குப் படுக்கிற வேலை மட்டும்.

வரும்போதே போனில் பேசிக்கொண்டுதான் வந்தாள்.

"தோழர், பஸ்ஸை மறிக்காதீங்க. கல்லைக் கீழ போடுங்க முதல்ல... போட்டாச்சா? சத்தம் கேக்கலையே..."

போனை மடக்கினாள்.

"சொல்லுங்க சார்."

"உங்க தலைவர் சாப்பிட்டாராம்மா?"

அவள் முகம் சிவந்தது.

"சார், போலீஸ் இந்தப் பொய்யைத்தான் முதல்ல கிளப்பும்னு எனக்குத் தெரியும். அவர் சத்தியமா ஒரு பருக்கை தொடல. நான் பக்கத்துலயே இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் அவள் கண்ணையே பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸில் பொய் சொல்லாத கண்ணை அவர் அதிகம் பார்த்ததில்லை. அதனால் சந்தேகம் கூடியது.

"இந்தப் போராட்டம் தோத்தா உனக்கு என்னம்மா நஷ்டம்?"

"என் காலேஜும் மூடற லிஸ்ட்ல இருக்கு சார். கடைசி வருஷம். மூடிட்டா நான் ஆயுசுக்கும் அட்டை ஒட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதான். மாநிலம் பூரா என்னை மாதிரி ஆயிரக்கணக்குல இருக்காங்க."

நர்ஸ் குறுக்கே வந்தாள்.

"சார், ஒரு விஷயம். இந்த மெஷின் கெட்டுப்போச்சுன்னு நீங்களாவது எழுதிக் குடுங்க. ரெண்டு தடவை மாத்திட்டேன். ஆபீஸ்ல என்னை நம்ப மாட்டேங்கறாங்க."

"ஏம்மா, நானே உசுரு போற கேஸ்ல இருக்கேன்..."

"தினமும் தலைவரை எடை போடறேன். உண்ணாவிரதம் இருக்கறவருக்கு எடை ஏறிக்கிட்டே போகுது. மெஷின்மேல சந்தேகம் வந்து இந்தப் பொண்ணை ஏத்திப் பார்த்தேன். இதுக்கு இறங்கிக்கிட்டே போகுது. ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. மெஷின் கெட்டது கெட்டதுதானே?"

"அப்புறம் பாக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். மேடையில் ஏறி, முன்னாலிருந்த திரையை இழுத்து மூடச் சொன்னார்.

தலைவர் படுத்திருந்த மெத்தை. தலையணை. தண்ணீர் பாட்டில். விசிறி. வேறு ஒன்றுமில்லை.

கால் வலித்தது, குனிந்து உட்கார்ந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது.

எறும்பு.

மேடைக் காலில் ஏறி, மெத்தை ஓரமாக வரிசை பிடித்து, தலையணைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டு."

"சார்?"

"சாப்பாட்டுக் கடையில எறும்பு வந்தா நியாயம். உண்ணாவிரதப் பந்தல்ல எறும்புக்கு என்னய்யா வேலை?"

"ஆதரவு தெரிவிக்க வந்திருக்கும் சார்."

இன்ஸ்பெக்டர் தலையணையைத் தூக்கி உதறினார்.

முதலில் செத்த எறும்புகள் விழுந்தன. கைப்பிடி இருக்கும். அப்புறம் வெள்ளையாக ஏதோ தூள். கடைசியாக, பஞ்சுக்குள் கிழித்து வைத்திருந்த ஓட்டையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட். பாதி காலி.

கூடவே ஏறி வந்த துணைத்தலைவர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெச்சது நீதானே?"

"பிஸ்கட் வெச்சது நான்தான் சார். மத்தியானம் பேனர் சரி பண்றோம்னு திரை இழுப்போம். அப்ப மாமா ரெண்டு, மூணு போட்டுக்குவாரு. ஆனா விஷம் நான் வெக்கல. சத்தியமா."

"மாமா போனா நாற்காலி உனக்கு. வேற யாரு வெப்பா?"

"ஐயோ சார், எங்க பேரவை விதியைப் படிங்க. தலைவர் விழுந்தா அந்த மெத்தையில அடுத்துத் துணைத்தலைவர் படுக்கணும். எனக்கு அல்சர் சார். மாமா நல்லா இருக்கணும்னு இந்தப் பந்தல்ல என்னைவிட வேண்டிக்கிட்டவன் யாருமில்ல."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பயத்தை நம்பலாம். பாசத்தைத்தான் நம்பக் கூடாது.

அப்படியென்றால் யார்? பிஸ்கட் இருந்தது தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருவன் தின்றவன். இன்னொருவன் வைத்தவன்.

திரும்பினார். செயலாளர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாள். வெள்ளைத் தூளைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சாப்பிட்டாரா...?" என்றாள். "தினமுமா?"

இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தத் தூள்..."

"தோழர், ஒரு நிமிஷம்" என்று துணைத்தலைவர் எழுந்து ஓடிவந்தார். அவள் காதருகே குனிந்தார். ரகசியம் பேசுவதாக நினைப்பு. பாதிப் பந்தலுக்குக் கேட்டது. "வாயைத் திறக்காதீங்க. வெளிய பத்திரிகைக்காரன் நிக்கறான். தலைவர் பிஸ்கட் தின்னாருன்னு தெரிஞ்சா அதிகாரி உத்தரவை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்குவாரு. உங்க காலேஜ் காலி. மாமாவுக்கு கெட்டியான உடம்பு, பொழைச்சுக்குவாரு."

செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அச்சகத்தில் கோணலாக வெட்டிய பேப்பரைப் பார்க்கிற பார்வை.

இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டினாள்.

"டாக்டருக்குப் போன் போட்டுக் குடுங்க சார்."

போட்டுக் கொடுத்தார்.

"டாக்டர், அது எறும்புப் பொடி. வெள்ளை டப்பா, மூடி சிவப்பு. டப்பா என் பையில இருக்கு, மேல எழுதியிருக்கறதைப் படிக்கறேன், குறிச்சுக்கோங்க..."

உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பத்திரிகைக்காரர்களும் குறித்துக்கொண்டார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேத்து தலைவர் தூங்கிட்டிருந்தப்ப தலையணைக்குள்ள எறும்பு போச்சு சார். தலைக்கு எண்ணெய் வெக்கிறாரே, அதுக்கு வருதுன்னு நினைச்சேன். பட்டினி கிடக்கற மனுஷன் தூக்கமாவது தூங்கட்டுமேன்னு முகத்துல படாம உறை ஓரமா உள்ள தூவினேன். உள்ள பலகாரக் கடை இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

தெரிந்தவன் எவனும் அங்கே பொடி போட மாட்டான். போட்டது தெரியாதவள். பேரவையிலேயே தலைவரை நம்பிய ஒரே ஒருத்தி.

வெளியே கார் வந்து நின்றது. கல்வி அதிகாரி. பின்னால் பழச்சாறு தூக்கிக்கொண்டு ஒரு ஆள். அவனுக்குப் பின்னால் கேமராக்கள்.

அதிகாரி மேடை ஏறுவதற்குள் பத்திரிகைக்காரர்கள் விஷயத்தை அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் முகம் மலர்ந்தது. பரீட்சை தள்ளிப்போன பையன் மாதிரி.

"பிஸ்கட்டா? தலையணைக்குள்ளயா? அப்ப இங்க உண்ணாவிரதமே நடக்கல."

"சார்..." என்றாள் செயலாளர்.

"நடக்காத உண்ணாவிரதத்துக்கு நான் எப்படிம்மா உத்தரவு குடுக்க முடியும்? அரசாங்கத்தை ஏமாத்தலாமா?" அரசாங்கத்தை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த உரிமை ஒரு பக்கத்துக்குத்தான் என்று நினைப்பு.

உத்தரவை நான்காக மடித்தார்.

"சார், தப்பு எங்க தலைவர்மேல. காலேஜ்மேல இல்ல. பசங்க..."

சொல்லும்போதே அவள் கால் மடங்கியது. மைக் கம்பத்தைப் பிடித்தாள். கம்பம் சேர்ந்து சாய்ந்தது. ஏட்டு ஓடிப்போய்த் தாங்கினார்.

"சார், இந்தப் பொண்ணு காத்து மாதிரி இருக்கு சார். கனமே இல்ல."

இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மெஷினும் கையுமாக ஓடிவந்த நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் மெஷினைப் பார்த்தாள்.

"ஏம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "நீ கடைசியா எப்ப சாப்பிட்டே?"

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அவர் படுத்த அன்னைக்குக் காலையில."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"யாரும் கேக்கல. அவர் பட்டினி கிடக்கறப்ப பக்கத்துல உக்காந்து எப்படி சார் சாப்பிடறது? அதுவுமில்லாம வேலை இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் அதிகாரியிடம் திரும்பினார்.

"சார், மெஷின் கெட்டுப்போகல. ஏறினது அவரு. இறங்கினது இவங்க. உங்க அரசாங்க நர்ஸ், உங்க அரசாங்க மெஷின். சாட்சி போதுமா?"

"அவங்க பேரை பேனர்ல போடலையே" என்றார் அதிகாரி.

"பேனர்ல போட்டவரைத்தான் பார்த்துட்டோமே சார்."

கேமராக்கள் எல்லாம் திரும்பின. அதிகாரி கேமராவைப் பார்த்தார். துவண்டு கிடக்கிற பெண்ணைப் பார்த்தார். கையிலிருந்த மடித்த காகிதத்தைப் பார்த்தார். நாளைக் காலைப் பேப்பர் அவர் கண்ணுக்குள் அச்சாகி ஓடியது.

மெதுவாக மடிப்பைப் பிரித்தார்.

"பழச்சாறு எங்கய்யா? நிக்கிறியே மரம் மாதிரி, கொண்டா இங்க."

அவள் குடிக்கவில்லை. முதலில் உத்தரவை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கு, இந்தப் பெண் தன் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரி.

மறுநாள்தான் தலைவர் கண் விழித்தார். பக்கத்தில் மச்சான், கால்மாட்டில் டாக்டர். எதிரே இன்ஸ்பெக்டரும் ஏட்டும்.

"யாரு... எனக்கு விஷம் வெச்சது? எதிர்க் கோஷ்டியா?"

"இல்ல. உங்களை நம்பின ஆளு."

"கேஸ் போட்டீங்களா?"

"பொடி வெச்சது எறும்புக்கு. எறும்பு வீட்டுல இருந்து இதுவரைக்கும் புகார் வரல."

தலைவர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"போராட்டம்?"

"ஜெயிச்சாச்சு மாமா" என்றார் மச்சான், வேறெங்கோ பார்த்தபடி. "உத்தரவு வந்துருச்சு. மாவட்டக் கிளை எல்லாம் கூடிப் பேசி புதுத் தலைவரையும் போட்டுட்டாங்க. யாருன்னு கேக்காதீங்க, பிரஷர் ஏறும்."

தலைவர் கேட்கவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

"டாக்டர்... பசி உசுரு போகுது. சாப்பிட ஏதாவது..."

டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே மறுத்துத் தலையாட்டினார்.

"குடல் வெந்துபோயிருக்கு. நான் சொல்ற வரைக்கும் வாயில பச்சத்தண்ணிகூடப் படக் கூடாது. ஒரு வாரம் ஆகலாம்."

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டு, பந்தல்ல சும்மாதானே கிடக்கு, அந்த பேனரை எடுத்துட்டு வந்து இந்தக் கட்டிலுக்கு மேல கட்டுய்யா."