வரிசையில் முதல் செருப்பு

மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. ஆனால் வரிசையில் முதலாவதாகக் கிடந்த செருப்பு ஈரமாக இருந்தது.

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், மின்சார வண்டிகளுக்காக ஊருக்கென்று இருந்த இரண்டு சார்ஜிங் கம்பங்களில் ஒன்று திறப்பு விழாவன்றே செத்துப்போனது; கழுத்தில் ரிப்பன் மட்டும் இன்னும் தொங்கியது. செல்போன் செயலியோ இரண்டுமே காலி என்று சத்தியம் செய்யும். மிச்சமிருந்த ஒன்றுக்கு வண்டிக்காரர்களே சட்டம் போட்டிருந்தார்கள். ஒற்றைச் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் நொண்டிக்கொண்டு போகலாம். திரும்பி வரும்வரை அந்த இடம் உங்களுடையது. குப்பைத்தொட்டியைக்கூடத் திருடுகிற ஊர், அந்தச் செருப்புகளை மட்டும் தொடாது.

பிசிக்ஸ் வாத்தியாரின் செருப்பு இரண்டாவது. பள்ளியில் மின்சாரம் நடத்துகிறவர், இங்கே அதற்காகத் தவம் கிடந்தார். வண்டியில் சார்ஜ் மூன்று சதவீதம். வீட்டில் நிறைமாத மனைவி, வலியோடு, தனியாக. ஆஸ்பத்திரி அடுத்த ஊரில். இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு யாருக்கோ போயிருந்தது.

கம்பம் காலியாகத்தான் நின்றது. ஈரச் செருப்பின் ஆளைத்தான் காணோம்.

"யாருதுண்ணே இது?"

பஞ்சர் கடைக்காரர் டியூபிலிருந்து தலை தூக்கவில்லை. "வருவாங்க சார்."

"எப்ப?"

"வரிசைன்னா வரிசைதான். பாடம் நடத்துறவருக்கு நான் வேற சொல்லணுமா?"

சொன்னவர் அவசரமாக ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார்.

பொழுது இறங்கியது. செத்த கம்பத்துக்குள் ஏதோ வண்டுபோல் ரீங்கரிக்க, சூடாறாத ரப்பர் வாசனைக்கு அடியிலிருந்து பாழுங்கிணற்றுச் சேற்றின் வாடை மெல்ல மெல்ல ஏறிவர, உயிரோடிருந்த கம்பத்தின் பச்சை விளக்கு வெளிச்சத்தில் அந்தச் செருப்பின் நிழல் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு நீண்டு வாத்தியாரின் வண்டிவரை வந்து படுத்திருந்தது.

செல்போன் அதிர்ந்தது. "என்னங்க, இனிமே தாங்காது."

வாத்தியார் செருப்பை உதைத்தார். சாக்கடைக்குள் போய் விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை.

பிளக்கைச் சொருகினார். டக். பூட்டிக்கொண்டது. உடனே மறுபடி செல்போன்.

"வந்துட்டீங்களா? வாசல்ல உங்க செருப்பு கிடக்கே. ஒத்தை. நனைஞ்சு வேற கிடக்கு."

"கதவத் திறக்காத!"

"திறந்தாச்சு. முன்னாடி நின்னுக்கிட்டு என்னங்க விளையாட்டு?"

அங்கே ஓர் ஆண் செருமினான். வகுப்பில் வாத்தியார் செருமுகிற அதே செருமல்.

"போன்ல யாரு?" அவருடைய குரல்.

"தெரியலீங்க. உங்கள மாதிரியே பேசுறாங்க."

"வச்சிடு. வா, போகலாம்."

பிளக்கை இழுத்தார். பிளக் இல்லை. வண்டி இல்லை. ஓடப் பார்த்தார். கால் எழவில்லை.

கீழே பார்த்தார்.

கால் இல்லை. அவருடைய ஒற்றைச் செருப்பு. ஈரம் சொட்டச் சொட்ட. வரிசையில் முதலாவதாக.

விளக்கொளி திரும்பியது. ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவன் செல்போனில் சலித்துக்கொண்டான். "காலியாத்தான் இருக்கு மச்சான். ஆளக் காணோம், செருப்பு மட்டும் கிடக்கு."

உதைடா, என்று வாத்தியார் கத்தினார். உதைச்சுத் தள்ளிட்டுப் போடா.

சத்தம் வரவில்லை.

வந்தவன் நல்ல பிள்ளை. தன் செருப்பைக் கழற்றி, அதற்குப் பின்னால் ஒழுங்காக வைத்தான்.