இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஜெபஷீலா ஓடைப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியம் ஒன்றே முக்கால். ஆடிக் காற்று தோள்பையைப் பிடித்து இழுத்தது. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போன மண்பாதையில் பத்து நிமிடம் நடந்தாள். காலையில்தான் மருந்து அடித்திருந்தார்கள் போலும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. பாதை முடிகிற இடத்தில் சூசைமுத்துவின் வீடு. மூன்று பக்கமும் பந்தல் நெருக்கியிருந்ததால் பகலிலேயே உள்ளே விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்தவள் பவுனு. ஐம்பது வயது இருக்கும். பக்கவாதத்தில் விழுந்த சூசைமுத்துவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கியிருப்பவள்.

“கேமரா ரிப்பேருக்குப் பொம்பளப் புள்ளையவா அனுப்பியிருக்காக? ஏணியில ஏறிருவியா ஆத்தா?”

“ஏறிருவேன்க்கா. இறங்குறப்பத்தான் யாராவது புடிச்சுக்கணும்.”

பவுனு சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாதோ என்பதுபோல உடனே முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் ஜெபஷீலாவுக்குத் தெரியும். சூசைமுத்துவின் மகன் அருண் ஜோசப் குவைத்தில் இருக்கிறான். அப்பாவின் அறையில் ஒரு கேமரா மாட்டி, அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறான். அந்தக் கேமராவின் வைஃபை தினமும் அறுந்து போகிறது. அவள் வேலை பார்க்கும் சின்னமனூர் கேமராக் கடையிலிருந்து அவளுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ரவுட்டரை மாற்றினார், இன்னொருவர் கேமராவையே மாற்றினார். நிற்கவில்லை. அறுந்த நேரங்களை அருண் எழுதி அனுப்பியிருந்தான். ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நிமிடம். பழுது இப்படிக் கடிகாரம் பார்த்து வராது. பவுனுதான் பிளக்கைப் பிடுங்குகிறாள், அந்த நேரத்தில் அப்பாவை என்ன செய்கிறாளோ என்பது அவன் முடிவு. இன்றைக்கும் காரணம் தெரியாவிட்டால் நாளை அவளை அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அய்யாவைத் திருப்பிப் போடணும். இல்லாட்டி முதுகு புண்ணாயிரும்,” என்றாள் பவுனு. “அந்த நேரம் பாத்துத்தான் இந்தச் சனியனும் அவியுது. நான் என்ன பண்ணுவேன்? என் மகளுக்கு இது எட்டாம் மாசம். இந்த வேலை போச்சுன்னா பிரசவத்துக்கு யாருகிட்டப் போயி நிக்கிறது?”

ஜெபஷீலா வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. தேனியில் மாலை வகுப்பில் நெட்வொர்க் படிக்கிறாள். அவளைவிடத் தெரிந்த இரண்டு பேருக்குப் பிடிபடாதது தனக்குப் பிடிபடும் என்று அவள் நம்பவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

ரவுட்டர் கூடத்தில் இருந்தது. அங்கிருந்து நீளமான நடைவழி. நடையின் முடிவில் சூசைமுத்துவின் அறை. கதவுக்கு நேரே கட்டில். கட்டிலைத் தாண்டி எதிர்ச்சுவரில் கேமரா. எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன, நடுவில் சுவர்கூட இல்லை. சிக்னல் அறுந்துபோக ஒரு காரணமும் இல்லை.

சூசைமுத்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பங்குனியிலிருந்து பேச்சு இல்லை, அசைவு இல்லை. கண்கள் மட்டும் அவள் பின்னால் வந்தன.

கேமராவின் பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். யாராவது பிடுங்கினால் கோடு விலகும். தன் போனை கேமராவுக்கு அடியிலிருந்த அலமாரியில் சாய்த்துவைத்து, சிக்னல் அளக்கும் செயலியைத் திறந்தாள். நூற்றுக்கு எண்பத்திரண்டு.

“அக்கா, கூடத்துல இருந்து இங்க வரைக்கும் மெதுவா நடந்து வாங்க.”

பவுனு நடந்து வந்தாள். நடையின் நடுவில் எண் எழுபதுக்கு இறங்கியது. கதவருகே வந்தபோது அறுபது. கட்டிலோரம் குனிந்தபோது நாற்பத்தைந்து.

“நான் நடந்தா குறையுமா?”

“மனுச உடம்புல பாதிக்கு மேல தண்ணிக்கா. தண்ணி சிக்னலைக் குடிச்சிரும். கேமராகிட்ட நெருங்க நெருங்க ரொம்பக் குறையும்.” வகுப்பில் கேட்டதை அப்படியே சொன்னாள். சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வர, பையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். சரிதான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது பவுனுவை அடுப்படிக்கு அனுப்பினாள். அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.

வெளியே பந்தலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அது நின்றுவிட்டது.

எழுபது.

“பவுனக்கா, நடையில வராதீக.”

“நான் அடுப்படியிலதான் இருக்கேன் ஆத்தா.” குரல் வீட்டின் மறுகோடியிலிருந்து வந்தது. பாத்திரம் உருளும் சத்தமும் அங்கிருந்தே வந்தது.

அறுபத்தாறு.

அறுபது.

ஜெபஷீலா தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தக் கூடாது என்று நினைத்ததாகவும் இல்லை. கழுத்து மரத்துப்போயிருந்தது. நேரத்தையும் எண்ணையும் நோட்டில் எழுதினாள். மூன்று மணி இரண்டு நிமிடம், அறுபது. பயம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

நாற்பத்தைந்து.

கட்டில் கிறீச்சிட்டது.

இருபது. எட்டு. கேமராவில் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

ஈரத்துணியை உதறுவதுபோல ஒரு சத்தம். யாரோ பாரம் தூக்கியவர் விடுகிற மூச்சு. தலையணை ஒன்று தட்டப்பட்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை.

பிறகு எண்கள் வந்த வழியே திரும்பிப் போயின. நாற்பத்தைந்து. அறுபது. எழுபது. எண்பத்திரண்டு.

பந்தலில் மறுபடி காற்று.

அப்போதுதான் பார்த்தாள். சூசைமுத்து சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. போர்வையின் விளிம்பு நேராக மடிக்கப்பட்டிருந்தது. பிளக்கின் மேல் போட்ட கையெழுத்து கலையவில்லை.

பவுனு வாசற்படியில் நின்றாள். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எவ்வளவு நாளாக்கா?”

“அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை வச்ச மறுநாள்ல இருந்து.” சூசைமுத்துவின் மனைவி மதலேனாள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. “நான் போறதுக்கு முந்தியே திரும்பிக் கிடப்பாக. நான்தான் திருப்புனேன்னு தம்பிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். சும்மா இருந்து சம்பளம் வாங்குறேன்னு தெரிஞ்சா விடுமா அந்தப் புள்ள?”

“அம்மா… அய்யா மேல பாசமா இருப்பாகளா?”

பவுனு அறைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பாசமா? ஒரே வீட்டுல பதினோரு வருசம் ரெண்டு பேரும் பேசிக்கல ஆத்தா.”

ஜெபஷீலா தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். பையிலிருந்த வயரை எடுத்து, ரவுட்டரிலிருந்து நடையோரமாகவே ஆணி அடித்து இழுத்துக் கேமராவில் செருகினாள். வயருக்கு யார் குறுக்கே நின்றாலும் ஒன்றுதான். நாலரைக்கு அருணைக் கூப்பிட்டாள்.

“பவுனக்கா பிளக்கைத் தொடலைங்க. மூணு மணிக்கு நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வைஃபைக்கு நடுவுல தடை விழுகுது. வயர் போட்டுட்டேன், இனிமே அறுந்துபோகாது.”

“என்ன தடைங்க?”

“வீட்டோட அமைப்பு அப்படிங்க.”

“அக்காவைத் தப்பா நெனச்சுட்டேன்,” என்றான். “இருக்கச் சொல்லுங்க. நானே பேசுறேன்.”

பவுனு அழுதாள். ஜெபஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து மணிச் சோதனையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நடைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஐந்து பத்துக்கு அருண் கூப்பிட்டான், ஜெபஷீலா ஸ்பீக்கரில் போட்டாள். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

“அறுந்துபோகவே இல்லைங்க! முழுசாப் பாத்தேன். அப்பா தானாத் திரும்புறாக! அக்கா, அப்பா தேறிட்டாக!”

அவன் அனுப்பிய வீடியோவை இருவரும் பார்த்தார்கள். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. சூசைமுத்துவின் இடது தோள் மெதுவாக எழும்பியது. தோளுக்குக் கீழே பனியன் துணி நான்கு விரல் பட்டதுபோல நான்கு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. உடம்பு புரண்டது. போர்வை தானாக இடுப்புவரை ஏறியது. அவ்வளவு நேரமும் அவர் இமைகளை இறுக்கி மூடியிருந்தார். சின்னப் பிள்ளைகள் இருட்டில் மூடிக்கொள்வதுபோல.

பவுனு போனைத் திருப்பிக் கொடுத்தாள். கொடியில் கிடந்த சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

“வேலை நெலைச்சிருச்சேக்கா. போறீகளா?”

“நெலைச்சிருச்சு ஆத்தா. அதைச் செய்யத்தான் வேற ஆளு இருக்காகளே.” இன்னொரு சேலையை மடித்தாள். “எனக்குப் பதிலா நாளைக்குப் போடியில இருந்து ஆள் வரட்டும். அதுவரைக்கும் இருக்கேன். கஞ்சி ஊத்தத்தான் உள்ள போவேன். போயிட்டு உடனே வாசலுக்கு வந்திருவேன்.”

ஜெபஷீலா ஆறரை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இடம். சோதனைக்காகத் தன் போனில் திறந்த அந்தக் கேமராவை இன்னும் மூடவில்லை என்பது சின்னமனூர் நெருங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மூடுவதற்காகத்தான் எடுத்தாள். மணி ஏழு மூன்று.

படம் துல்லியமாக இருந்தது. சூசைமுத்து தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். மூடினார். தொண்டை ஏறி இறங்கியது.

பவுனுவை அழைத்தாள். “அக்கா, அய்யாவுக்குக் கஞ்சி குடுத்தாச்சா?”

“இல்லையே ஆத்தா. அடுப்புல கொதிக்குது. நான் வாசல்ல நிக்கிறேன். ஏன்?”

படத்தில் வாய் மறுபடி திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. அறையில் வேறு யாரும் இல்லை. ஜெபஷீலா அழைப்பைத் துண்டித்துவிட்டு, கேமராவின் ஒலியைக் கூட்டி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஐந்து மாதமாகப் பேச்சில்லாத அந்த மனிதர் பேசினார். குழறல் இல்லை. தெளிவாகவே சொன்னார்.

“போதும் மதலேனா.”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவர் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார். தாடையின் இரண்டு பக்கமும் கன்னம் மெல்லக் குழிந்தது. வாய் திறந்தது.