புளியமரத்து வளைவில் ஒரு கும்பிடு

உலகம்மாளின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து, நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியதுதான் தாமதம், இடர்மானி கீச்சிட்டது. கையெடுப்பு, கண்மூடல், நாடி உயர்வு என்று மூன்று குற்றங்கள் திரையில் வரிசையாக வந்தன. சனியன் பிடித்த பெட்டி, ஒன்றையாவது கண்டும் காணாமல் விட்டதுண்டா?

ஆலங்குளத்திலிருந்து நெல்லைக்குப் போகிற சாலையில், அந்தப் புளியமரத்து வளைவில்தான் அவள் கணவன் சேர்மத்துரை லாரி மோதிச் செத்துப்போனான். அங்கே வண்டியை நிறுத்த இடம் கிடையாது. அதனால் ஓடுகிற காரிலேயே கும்பிட்டுவிட்டுப் போவாள். கோயிலைத் தாண்டும்போது ஊரே அப்படித்தானே செய்கிறது! ஆனால் எல்லாக் கார்களிலும் இடர்மானி வந்தபிறகு, ஓட்டுகிறவரின் கையையும் கண்ணையும் நாடியையும் அளந்து அதுவே காப்பீட்டுத் தவணையைத் தீர்மானித்தது. காப்பீடு இல்லாத வண்டி கிளம்பாது. ஒரு கோழியைக்கூட இடித்தறியாத உலகம்மாள், குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களோடு, தவணை மிக அதிகமான சிவப்பு வகுப்பில் கிடந்தாள்.

அந்தத் தவணையை இன்னும் சில மாதம்கூட அவளால் கட்ட முடியாது. மகள் நிலானிக்கோ மாதம் இரண்டு தடவை நெல்லை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். பஸ்ஸில் கூட்டிப்போனால் பிள்ளை பாதி வழியிலேயே துவண்டுவிடும்.

காப்பீட்டு முகவர் ஆவுடையப்பன், சேர்மத்துரையின் கூட்டாளி. வீட்டுக்கே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். “மதினி, அண்ணனை நெனச்சாலே உங்க நாடி எகிறுது. கையை அடக்கினா மட்டும் போதாது. அந்த எடத்துல நெனப்பே வராம பாத்துக்கோங்க.”

அவன் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தும் சொன்னபடியே செய்தாள். வளைவு நெருங்கும்போதே பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லத் தொடங்கினாள். முதலில் பாதியிலேயே கணக்குத் தப்பியது. போகப்போக எண்கள் தடையில்லாமல் வந்தன. மூன்று மாதத்தில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. ஆவுடையப்பன் இனிப்போடு வந்து வாழ்த்திவிட்டுப் போனான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்தபடியே ஓட்டினாள். பின்னிருக்கையிலிருந்து நிலானி கேட்டாள்.

“அப்பா எடம் போயிருச்சேம்மா. இன்னிக்கு வாய்ப்பாடு சொல்லலியா?”

“எப்ப போச்சு?”

“அப்பவே போயிருச்சு.”

உலகம்மாள் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வெறும் சாலைதான் தெரிந்தது. சேர்மத்துரையின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், கண்ணீர் வரவில்லை. பாவி, அவரை மறந்தே போய்விட்டேனா என்று பதறிப்போனாள். ஓரமாக இடம் தேடி வண்டியை நிறுத்தினாள்.

என்ஜின் தானாக அணைந்தது. திரையில் எழுத்துகள் வந்தன: ‘காரணமற்ற பதற்றம். மீண்டும் சிவப்பு வகுப்பு. புதிய தவணை செலுத்தும்வரை வண்டி இயங்காது.’

“போலாமாம்மா?” என்றாள் நிலானி.