அப்பாவின் வலைத்தொப்பி

"ஒரே ஒரு விரால் புடிச்சுக் காட்டு அந்தோணி. நாளையிலேர்ந்து என் படகை நீயே ஓட்டிப் பொழச்சுக்கோ" என்றார் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அப்பாவு. "கடல்காரன் ஏரில இன்னா பண்றான்னு பாக்கலாம்."

முத்துச்செல்வியின் அப்பா அந்தோணிராஜ் சிரிக்கவில்லை. ஒரகடத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்தே அவர் சிரிப்பதில்லை. படப்பை வாடகை வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் திட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

தகப்பனும் மகளும் மணிமங்கலம் ஏரியில் படகை இறக்கினார்கள். விரால் செத்த மீனைச் சீண்டாது. தூண்டிலில் உயிருள்ள குட்டி மீனைத்தான் மாட்ட வேண்டும். அந்தக் குட்டி மீன்களை உயிரோடு போட்டு வைக்க அப்பா, தூத்துக்குடிக் கடலில் செய்ததைப் போலவே, ஒரு நீள டப்பாவின் முன்னும் பின்னும் ஓட்டை போட்டு, பாதி மூழ்கும்படி படகின் ஓரத்தில் கட்டியிருந்தார். படகு போகப் போக முன் ஓட்டைகளில் புதுத் தண்ணீர் நுழையும். பின் ஓட்டைகளில் பழையது வெளியேறும். டப்பாவைப் பார்த்துக்கொள்வது முத்துச்செல்வியின் வேலை.

"அப்பா, ஒரு மீனு மல்லாந்துடுச்சுப்பா! ஐயோ, இன்னொண்ணும்!"

அப்பா துடுப்பை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். முன் ஓட்டைகளைப் பாசி அடைத்திருந்தது. கடலில் அந்தத் தொல்லை இருந்ததில்லை. ஏரிப் பாசியை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

முத்துச்செல்வி விரலால் நோண்டி எடுத்தாள். படகு நகர்ந்ததும் மறுபடி அடைத்துக்கொண்டது. மூன்று மீன்கள்தான் பாக்கி. அவையும் வாயைத் திறந்து திறந்து மூடின.

"விடுட்டி, கரைக்குப் போவோம்" என்றார் அப்பா. "நான் எதுக்கும் லாயக்கில்லாதவனாப் போயிட்டேன்."

அவளுக்குத் தாங்கவில்லை. அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள். கம்பெனியில் தலைக்கு மாட்டும் வலைத்தொப்பி அதில் இருந்தது. எப்போது திரும்பக் கூப்பிடுவார்களோ என்று தினமும் அதை எடுத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்.

"அப்பா, அந்தத் தொப்பியக் குடேன். டப்பாவுக்கு முன்னால மாட்டலாம். பாசி வலையிலயே நின்னுடும். நான் வழிச்சிக்கினே வரேன்."

"அது கம்பெனித் தொப்பிட்டி. நாளைக்குக் கூப்பிட்டா…"

"கூப்டா நானே தொவச்சித் தரேன். மீனு செத்துட்டா அவ்ளோதாம்ப்பா."

அப்பா தொப்பியை எடுத்து ஒருமுறை விரித்துப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

தொப்பியின் எலாஸ்டிக் டப்பாவைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. "டப்பா டூட்டிக்கு ரெடி!" என்றாள் முத்துச்செல்வி. அப்பா துடுப்பைப் போட்டார். அவள் கை ஓயாமல் பாசியை வழித்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் மூன்று மீன்களும் நிமிர்ந்து நீந்தின.

முதல் மீனைத் தூண்டிலிலிருந்து பிடுங்கிக்கொண்டு விரால் ஓடிவிட்டது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதை மாட்டிப் போட்டதும் தூண்டில் வளைந்தது. அப்பா ஒரே இழுப்பாக இழுத்தார். முழங்கை நீள விரால் ஒன்று படகுக்குள் வந்து துள்ளியது.

முத்துச்செல்வி கை தட்டியபடி திரும்பினாள். அப்பா அழுதுகொண்டிருந்தார்.

"இன்னாப்பா? அதான் புடிச்சாச்சே!"

"இனி கூப்பிட மாட்டாவ, மக்கா" என்றார் அப்பா. "கம்பெனில இனி கூப்பிடவே மாட்டாவ."

கம்பெனி மூடியதிலிருந்து அவர் ஒருநாளும் அழுததில்லை. அழாதே என்று அவள் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று துடுப்பை வாங்கிக்கொண்டாள். படகு கோணல்மாணலாகத்தான் போனது. ஆனாலும் கரையைப் பார்த்தே போனது.