வினாடிக்குத் தொண்ணூற்றொன்பது

கணினிக் கூடத்தின் நுழைவுக் கூண்டு அன்றைக்கு நிமியாவை உள்ளே விட நாற்பது வினாடி எடுத்துக்கொண்டது. வெளிக்கதவு திறந்தது, அவளும் கண்ணாடிக் கூண்டுக்குள் கால் வைத்தாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளவில்லை. பின்னால் வருகிறவருக்காக யாரோ கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல அது விரியத் திறந்தே நின்றது. திரும்பிப் பார்த்தாள். காவல் மேசையில் தோன் எவுலாலியோ குளிர்ந்த மூலிகைத் தேநீரான தெரெரேயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"பாத்தீங்களா இன்ஜினியரம்மா? திங்கக்கிழமையிலருந்து இதே ரோதனைதான்" என்றார் அவர்.

"அதைப் பாக்கத்தானே வந்திருக்கேன். நாலு மணிக்கு எம்பொண்ணு அரசெலியை நீச்சல் வகுப்புலருந்து கூட்டணும். அதுக்குள்ள முடிச்சிருவேன்."

"அசுன்சியோன் ஊரே மத்தியான சியெஸ்தாத் தூக்கத்துல குறட்டை விடுது. இந்நேரத்துல வேலை பாக்குறது ரெண்டே பேருதான். நீங்களும் பேயும்."

"அப்ப நீங்க?"

"நான் எங்க வேலை பாக்குறேன்?" என்று சிரித்தார். அதற்குள் கதவு ஒருவழியாகச் சாத்திக்கொண்டது.

வெளியே ஜனவரி வெயில், நாற்பத்தொரு டிகிரி. உள்ளே கணினிக் கூடத்தில் பதினெட்டு. பச்சை மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, ஆளுயர அலமாரிகளுக்கு நடுவே கடைசி வரிசைக்கு நடந்தாள். ஜன்னல் கிடையாது. நூற்றுக்கணக்கான விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல். தலைக்கு மேல் சோக்கு வைத்த பழைய குழல்விளக்குகளின் முனகல். எல்லாம் பழகின சத்தம்தான். அவற்றுக்கு அடியில் ஈர மண் வாசம் ஒன்று இருந்தது. அது மட்டும் பழகியதில்லை. குளிர்சாதனம் ஒழுகுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூண்டின் வேலை எளிது. ஒரு நேரத்தில் ஓர் ஆள். தரை எடை பார்க்கும், கேமரா தலையை எண்ணும். இரண்டு பேர் நின்றால் எதிர்க் கதவு திறக்காது. இதையெல்லாம் முடிவு செய்கிற நிரல் கடைசி வரிசைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற நிரலை நிறுத்தாமலே அது எதில் நேரத்தைத் தொலைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நிமியாவின் பிழைப்பு. கருப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை. அது வினாடிக்கு நூறு முறை நிரலை எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்த வேலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். அரை நிமிடத்துக்கு மூவாயிரம் குறிப்புகள்.

மூவாயிரமும் 'ஓய்வு' என்றே வந்தன. நிரல் பச்சைப் பிள்ளையைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் தன் தப்பைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசரத்தில் நூறு என்று அடித்திருந்தாள். இந்தத் தொழிலில் யாரும் முழு எண் போட மாட்டார்கள். தொண்ணூற்றொன்பதுதான் போடுவார்கள். வினாடிக்கு நூறு முறை துடிக்கிற எதையும் நூறு முறை எட்டிப் பார்த்தால், நாம் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது நம் கண்ணில் படாத அதே இடத்தில்தான் இருக்கும். தாளத்தைக் கொஞ்சம் தப்பவிட்டால்தான் அகப்படும்.

தொண்ணூற்றொன்பது என்று மாற்றினாள். அரை நிமிடம் காத்திருந்தாள்.

இந்தத் தடவை முந்நூறு குறிப்புகள் வேறு ஒரு வேலையைக் காட்டின: 'இரண்டாமவர் வெளியேறக் காத்திரு.'

எழுந்து நின்று பார்த்தாள். நீண்ட நடைபாதையின் கோடியில் கண்ணாடிக் கூண்டு காலியாக இருந்தது. கேமராவில் தூசியாக இருக்கும். மறுபடி பதிவு செய்தாள். தொள்ளாயிரம். மறுபடி. ஆயிரத்து எழுநூறு. ஈர மண் வாசம் இப்போது பக்கத்தில் வந்திருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது; அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. மணி மூன்றரை. வெளியே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று மடிக்கணினியை அப்படியே விரித்தபடி தூக்கிக்கொண்டு நடந்தாள். ஓடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூண்டின் உள்கதவு திறக்கவில்லை. கூடத்தில் எத்தனை பேர் என்று காட்டுகிற பக்கத்துச் சுவரின் சின்னத் திரை 'உள்ளே: 2' என்றது.

அட்டையைத் தேய்த்தாள். 'ஒருவர் மட்டும்.' மறுபடி தேய்த்தாள். 'ஒருவர் மட்டும்.' அவசரப் பொத்தானைக் குத்தினாள். தீ மணி அடிக்காதவரை அந்தப் பொத்தானும் அதே நிரலைத்தான் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். போன வருடம் அதைக் கண்டித்து அறிக்கை எழுதியவளே அவள்தான். யாரும் படிக்கவில்லை.

சுவர்த் தொலைபேசியை எடுத்தாள்.

"தோன் எவுலாலியோ, கதவு திறக்க மாட்டேங்குது."

"இங்க ரெண்டு பேருன்னு காட்டுதே. தனியாப் போனவங்க ஜோடியா வர்றீங்களா?"

"வெளையாடாதீங்க. நான் மட்டும்தான் இருக்கேன்."

"கேமராவுலயும் நீங்க ஒருத்தங்கதான் தெரியுறீங்க. வெளிக்கதவுச் சாவிதான் எங்கிட்ட இருக்கு, உள்கதவு அதுவாத்தான் தொறக்கணும். லைனைக் கட் பண்ணாதீங்க, மேல கேட்டுப் பாக்குறேன்." ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

காதில் தொலைபேசி. மடக்கிய இடது கையில் கணினி. கட்டை விரலால் இன்னொரு பதிவு. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது குறிப்புகளில் ஒன்றுகூட 'ஓய்வு' இல்லை. எல்லாமே 'இரண்டாமவர் வெளியேறக் காத்திரு.'

வினாடிக்கு நூறு முறை துடிப்பது இந்தக் கூடத்தில் என்ன இருக்கிறது? கணினியின் உள்கடிகாரம். அப்புறம்?

மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தாள். பழைய குழல்விளக்குகள். வினாடிக்கு நூறு முறை அணைந்து எரிபவை. கண்ணுக்குத் தெரியாத நூறு இருட்டுகள்.

மின்சாரம் போனது அப்போதுதான். இந்த வெயிலில் ஊர் முழுக்கக் குளிர்சாதனம் ஓடினால் போகத்தான் செய்யும். கணினிகள் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. விளக்குகள் அணைந்தன. கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டர் இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. வேகம் நிதானத்துக்கு வரவில்லை. விளக்குகள் மெதுவாக அணைந்து அணைந்து எரிந்தன.

வெளிச்சம். கூண்டின் கண்ணாடியில் நிமியா ஒருத்தி.

இருட்டு. மடிக்கணினித் திரையின் நீல ஒளியில் இரண்டு பேர்.

வெளிச்சம். ஒருத்தி.

இருட்டு. இரண்டு. பச்சை மேல்சட்டை. கழுத்துவரை ஜிப். அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்துக்கொண்டிருந்தது.

வெளிச்சம்.

இருட்டு. அது அவளுக்கு முன்னால் நின்றது. கை கதவின் மேல்.

கத்த வாய் திறந்தாள்.

ஜெனரேட்டர் சீரானது. விளக்குகள் நிலைத்தன. உள்கதவு திறந்து, உடனே சாத்திக்கொண்டது. ஒரு வினாடிகூடத் தாமதமில்லை. வெளிக்கதவு திறக்கும் சத்தம் தொலைபேசி வழியாகக் கேட்டது.

"அட, வந்துட்டீங்களா!" தோன் எவுலாலியோவின் குரல் மேசைக்கு அப்பாலிருந்து வந்தது. "பயந்தே போயிட்டேன் போங்க. முகமெல்லாம் வெளுத்திருக்கு, ஒரு வாய் தெரெரே குடிங்க."

உறிஞ்சும் சத்தம். நீளமாக. தாகத்தோடு.

"தோன் எவுலாலியோ! நான் இங்க இருக்கேன்! உள்ள இருக்கேன்!"

"மணி ஆயிடுச்சு இன்ஜினியரம்மா. பாப்பா காத்துக்கிட்டிருக்குமே."

"ஆமா" என்றது நிமியாவின் குரல். "அரசெலி காத்துக்கிட்டிருப்பா."

"அவளை விடாதீங்க! அது நானில்ல! விடாதீங்க!"

"இந்த போன் வேற கரகரங்குது" என்றார் அவர். இணைப்பு அறுந்தது.

கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தம் எழவில்லை. அட்டையைத் தேய்த்தாள். திரை எதுவும் சொல்லவில்லை. நிரலிடம் கேட்டாள். தொண்ணூற்றொன்பதிலும் 'ஓய்வு'. எல்லாம் 'ஓய்வு'.

சுவர்த் திரையில் எண் மாறியது. 'உள்ளே: 0.'

ஆளில்லாத கூடத்தில் விளக்கு எதற்கு? நிரல் கடைசி வரிசையை அணைத்தது. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. இருட்டு நடைபாதை வழியாக அவளை நோக்கி நடந்து வந்தது. அவள் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கு கடைசியாக அணைந்தது. சுவர்த் திரை மட்டும் பச்சையாக எரிந்தது. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிமியா பார்த்தாள். கண்ணாடியில் அந்தச் சுழியம் மட்டும் தெரிந்தது.