படகுக்கு இரண்டாவது பேட்டரி

கம்பியே கோக்காத பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. அழகர்சாமி படகில் குனிந்து காதை வைத்துக் கேட்டான். சோறு பொங்குவதற்கு முன்னால் பானைக்குள் கேட்குமே, அந்தச் சத்தம். மூக்கை அரிக்கிற திராவக வாடை, அதற்கடியில் முடி கருகுகிற வாடை.

"சனியன், இப்பவே மக்கர் பண்ணுதே" என்று முணுமுணுத்தான்.

பாலக்கரையில் சார்ஜ் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக்கிடம் காலையில் மல்லுக்கட்டி வாங்கியது அது. "இஞ்சினைக் கிளப்ப உங்ககிட்ட இருக்கிற லாரி பேட்டரி போதும் அழகரு. விளக்கு நின்னு எரியணும்னா தனியா இந்த ரயில்பெட்டி பேட்டரியை எடுத்துக்குங்க. பொன்மலை ரயில்வே பட்டறை ஏலத்துல வந்தது. கனம்தான், ஆனா விடிய விடிய எரியும்" என்றார் பாய். "டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க. வேற எதையும் ஊத்திராதீங்க, சொல்லிட்டேன்."

விளக்கு நின்று எரிய வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. போன ஆடி வெள்ளத்தில் ஒற்றைப் பேட்டரியை நம்பி இறங்கி, நடு ஆற்றில் விளக்கு செத்துப்போனது. படகு விசிறியில் சிக்கிய கொடியை அறுக்கத் தம்பி மருதை தண்ணீருக்குள் இறங்கியதை இருட்டில் அவன் பார்க்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பிவிட்டான். ஐயோ, அந்தச் சத்தம்! எலும்பு நொறுங்குவது பலகை வழியாக ஏறி அவன் பல்லில் கூசியது. மருதையின் வலது கை கடைசிவரை கிடைக்கவில்லை. கையில்லாமலேயே எரித்தார்கள்.

இன்று மருதையின் பெண்சாதி வள்ளிக்கண்ணு, வாழை போட்டிருந்த ஆற்றுத் திட்டில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவளையாவது கரை சேர்க்காவிட்டால் நானெல்லாம் என்ன மனுஷன் என்று பொருமிக்கொண்டுதான் பொழுது சாயக் கிளம்பினான். கிளம்பும்போது பார்த்தால் பேட்டரியில் தண்ணீர் குறைவு. பாய் சொன்ன தண்ணீருக்கு எங்கே போவது? காவேரியை விடவா சுத்தம்? ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு சொம்பு மொண்டு, வேட்டியில் வடிகட்டி ஊற்றினான். தம்பியின் எலும்பைக் கரைத்ததும் அதே படியில்தான்.

நடு ஆற்றில் இருட்டு கட்டியதும் கம்பியைக் கோத்தான். அம்மாடி, என்ன வெளிச்சம்! தூரத்தில் திட்டும், வாழைகளும், ஒரு குடிசைக் கூரைமேல் கையாட்டும் வள்ளிக்கண்ணுவும் என்று எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

"மாமா! சீக்கிரம் வாங்க! கூரை அசையுது!"

"வந்துட்டேன் தாயி! பயப்படாதே!"

அப்போது இஞ்சின் திணறி நின்றது. விசிறியில் ஏதோ சிக்கியிருந்தது. பேட்டரிக்குள் கொதிப்பு பலத்தது. அவன் பின்பலகையில் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினான். கொழகொழவென்று ஏதோ தட்டுப்பட்டது. கொடி.

கொடி இல்லை. விரல்கள்.

அவை அவன் மணிக்கட்டைப் பிடித்தன. உதறினான். விடவில்லை. முன்னால் திட்டைப் பார்த்திருந்த விளக்கு, தண்டில் கிறீச்சிட்டு, மெல்ல அவன் பக்கம் திரும்பியது. தண்ணீருக்குள் எல்லாம் தெரிந்தது. முழங்கையோடு முடிந்துபோன ஒரு கை. பிய்ந்த சதை. வேறு ஒன்றும் இல்லை.

காலை நீட்டிப் பேட்டரிக் கம்பிகளை உதைத்துப் பிடுங்கினான். இரண்டும் கழன்று விழுந்தன.

விளக்கு எரிந்தது.

பேட்டரி மூடி வெடித்துத் திராவகம் முதுகில் கொட்டியது. தோல் உரிந்தது. அலறினான்.

"மாமா!" வள்ளிக்கண்ணு கத்தினாள். "மாமா, உங்க பின்னாடி நிக்கிறது யாரு?"

திரும்பினான். இஞ்சின் பக்கத்தில் ஈரம் சொட்டச் சொட்ட மருதை நின்றிருந்தான். இடது கையால் கைப்பிடியைச் சுற்றினான். ஒரு சுற்று.

"தம்பி... வேண்டாம்டா..."

இன்னொரு சுற்று.

இஞ்சின் பிடித்துக்கொண்டது. பலகை வழியாக அந்தச் சத்தம் ஏறியது, பல்லுவரைக்கும். முகத்தில் சூடாகத் தெறித்தது. படகு தானாகத் திரும்பி வள்ளிக்கண்ணு இருந்த திட்டை நோக்கி ஓட ஆரம்பித்தது.

விளக்கு மட்டும் திரும்பவில்லை. மங்காமல், அழகர்சாமியின் தோளுக்குக் கீழே இப்போது என்ன இல்லை என்பதை அவனுக்கே காட்டிக்கொண்டு, நின்று எரிந்தது.